டோனா கத்தரீனா: கண்டி ராணியின் சோகமும் மர்மமும்

ஸ்கொட்லாந்து ராணி மேரியின் கதையைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே முடி, அந்நிய நாட்டில் வளர்ப்பு, கொலையுண்ட கணவர், 1587இல் சிரச்சேதம். அதே காலத்தில் நம் மலைநாட்டுக்கும் அப்படி ஒரு ராணி இருந்தார். பாடப்புத்தகத்தில் நான் அவரைச் சந்தித்தது யாரோ ஒரு மன்னரின் மனைவியாக மட்டுமே.

இயற்பெயர் குசுமாசன தேவி. தந்தை கண்டி மன்னர் கரலியத்தே பண்டார. 1580களின் தொடக்கத்தில் சீதாவக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தான். இன்றைய கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளும் அவன் கையில்தான் இருந்தன. தப்பியோடிய மன்னர் பெரியம்மையில் இறந்துபோக, அனாதையான சிறுமி மன்னாரில் போர்த்துக்கேயரின் பொறுப்பில் கத்தோலிக்கராக வளர்ந்தார்.

1594இல் தளபதி பேத்ரோ லோப்பஸ் டி சோசா பெரும் படையோடு அவரைக் கண்டிக்கு அழைத்து வந்தார். நாங்கள் மாவனெல்லை தாண்டி பஸ்ஸில் ஏறும் கடுகண்ணாவை மலைத்தொடரில்தான் பலன கணவாய் இருக்கிறது. அன்று கண்டியின் வாசல் அதுதான். இளவரசியை முடிசூட்டி ஒரு போர்த்துக்கேயருக்கு மணமுடித்துவிட்டால் நாடே தங்களுக்கு என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கூட வந்த ஜயவீர முதலியை அவர்களே சந்தேகப்பட்டுக் கொன்றதும் உள்ளூர் வீரர்கள் விலகினார்கள். தந்துரையில் படை அழிந்தது.

வென்ற கோணப்பு பண்டார அவரை மணந்து முதலாம் விமலதர்மசூரியன் ஆனார். அரியணைக்கு அவருக்கு இரண்டு சான்றுகள் தேவைப்பட்டன. ஒன்று, குருவிட்டவுக்கு அருகே தெல்கமுவ விகாரையில் மறைத்து வைத்திருந்த புனித தந்தம். மற்றொன்று இந்தப் பெண். தந்தத்தையாவது பக்தியோடு எடுத்து வந்தார்கள்; இவரிடம் சம்மதம் கேட்டதாக எந்த நூலிலும் நான் காணவில்லை.

1604இல் கணவர் இறந்ததும், முன்னர் துறவியாக இருந்த உறவினர் செனரத் அவரை மணந்து அரசரானார். மறுபடியும் அதே கணக்கு. 1612இல் முதல் கணவரின் மகன், முடிக்குரிய இளவரசன் மகாஸ்தான இறந்தான். செனரத் தன் பிள்ளைகளுக்காக நஞ்சு வைத்தார் என்ற சந்தேகத்தை டச்சுப் பாதிரியார் பல்தேயுஸ் எழுதிவைத்திருக்கிறார். நஞ்சோ நோயோ, அன்று அம்மை வந்தாலே குழந்தைகள் போய்விடும் என்பதால் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாய் அதே மனிதரோடுதான் தொடர்ந்து வாழ வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, 1613 ஜூலையில், அவரும் இறந்தார். வயது முப்பத்தைந்து அளவில். செனரத்துக்குப் பிறந்த அவரது மகன்தான், பின்னர் டச்சுக்காரரோடு சேர்ந்து போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்தே விரட்டிய இரண்டாம் இராஜசிங்கன்.