கற்றதை இறக்கிவைத்தவர்

புதுச்சேரி பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த காலம். நகரைச் சூழ்ந்து உழவர்கரை, வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்கள் பரந்திருந்தன. உழவர்கரை என்னும் பெயரே அம்மண்ணின் தொழிலைச் சொல்லிவிடும். அரசு அலுவலகத்தில் பிரெஞ்சும் வீட்டில் தமிழும் வழங்கிய அந்நிலத்தில், தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர் கனகசுப்புரத்தினம். பாரதிதாசன் என்னும் கவிஞராக நாம் அறிந்த அவர், முப்பத்தேழு ஆண்டுகள் பள்ளியாசிரியராக வாழ்ந்தவர் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

அவர் 1891 ஏப்ரல் 29ஆம் நாள் வணிகர் கனகசபை, இலக்குமி அம்மாள் ஆகியோரின் மகனாகப் பிறந்தார். திருப்புளிசாமி ஐயாவின் திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்தார். பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை ஆகியோரிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். கல்வே கல்லூரியில் தமிழ்ப் புலமை பெற்று, 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் ஆசிரியரானார். வயது பதினெட்டு.

அன்றைய புலவர் உலகில் புலமைக்கு அடையாளம் கடினநடை. எளிதில் பொருள் விளங்கும் பாட்டை மதிப்பவர் குறைவு. இளம் ஆசிரியரும் அந்த மரபிலேயே வளர்ந்தார். வேணு நாயக்கர் வீட்டுத் திருமணத்தில் அவர் பாரதியாரின் பாடலொன்றைப் பாடினார். அவையில் பாரதியாரே அமர்ந்திருந்தார் என்பதை அப்போது அவர் அறியார். அன்று தொடங்கிய நட்பு அவர் நடையையே மாற்றியது. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த கடுஞ்சொற்களை ஒருவர் தாமே இறக்கிவைப்பது எளிதன்று. கற்றதை விடுவது கற்பதினும் கடினம். அதைச் செய்யும் துணிவு அவருக்கு இருந்தது. அதற்குப் பாரதியாரோடு வகுப்பறையும் துணைநின்றிருக்க வேண்டும். விளங்காத சொல்லைக் கேட்கும் சிறுவனின் முகத்தைவிடக் கண்டிப்பான திறனாய்வாளர் எவர்?

ஆசிரியப் பணி அவருக்கு அமைதியான வாழ்வைத் தரவில்லை. ஊர் மாறிப் பணியாற்றினார். பிரெஞ்சு அரசின் சினத்துக்கு ஆளாகிச் சிறையும் சென்றார். வழக்காடி வென்று மீண்டும் வகுப்புக்குத் திரும்பினார்.

அவருடைய நூல்களில் ஆசிரியரின் கண்ணைத் தேடினால் 'குடும்ப விளக்கு' முதலில் நிற்கும். 1942இல் வெளிவந்த அதன் முதற்பகுதி, ஒரு குடும்பத்தலைவியின் ஒருநாளைப் பாடுகிறது. வாசலில் கோலமிடுவதும் மக்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அங்கே ஒரே சீரான வேலைகள். கல்வி அவ்வீட்டில் தனியறையில் இருப்பதன்று. அடுப்படியிலும் தாழ்வாரத்திலும் நடமாடுவது. இரண்டாண்டுகளுக்குப்பின் வந்த 'இருண்ட வீடு' அதன் மறுபக்கம். கல்வியில்லா வீட்டின் ஒழுங்கின்மையை நகைச்சுவையாகக் காட்டுவது அது. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குபவர்க்கும் சிறிது நேரத்தில் உள்ளம் கனக்கும். சிறுவர்க்காகவே அவர் எழுதிய 'இளைஞர் இலக்கியம்' 1958இல் வெளிவந்தது. ஓய்வுக்குப் பின்னும் மாணவர் அவர் நினைவை விட்டு அகலவில்லை.

1946 சூலையில் சென்னையில் அறிஞர் அண்ணா முன்னின்று நடத்திய விழாவில் அவருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் பொற்கிழி வழங்கப்பட்டது. அவ்விழா நடந்தபோதும் அவர் பள்ளியாசிரியரே. அவ்வாண்டின் இறுதியில்தான் பணி ஓய்வு பெற்றார். 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் மறைந்த அவருடைய உடல் புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பள்ளி மாணவர்களும் அதன் வாயிலில் வரிசையாக நின்று உள்ளே செல்கின்றனர்.