ராணிக்குக் கடன் கொடுத்த கடைக்காரம்மா

மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார்கள். வீரம், சேவை பற்றியெல்லாம் மற்ற அக்காமார் எழுதுவார்கள். நான் ஒரு கடைக்காரம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

ரோஸ் பெர்டின் 1747-ல் பிரான்ஸ் நாட்டில் அபேவில் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குக் காவல் வேலை. அம்மா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போவார். சொத்துபத்து கிடையாது. ரோஸ் சின்ன வயசிலேயே பாரிஸ் போய் ஒரு அலங்காரக் கடையில் தொழில் பழகினார். கவுன் தைக்கிறது வேற ஆள். அதன்மேல் லேஸ், ரிப்பன், பூ, இறகு வைத்து எடுப்பாக்குவதும், தலைக்குத் தொப்பி செய்வதும்தான் இந்தக் கடைக்காரர்கள் வேலை. இன்னைக்கு நம்ம பிள்ளைங்க ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் போடுற மாதிரின்னு வச்சுக்கோங்க.

1770 வாக்கில் சொந்தக் கடை போட்டார். கடைக்கு அவர் வைத்த பெயர் மொகலாயப் பேரரசர் என்று பொருள்படும். நம்ம நாட்டு ராஜா பேரை அந்தக் காலத்திலேயே பாரிஸ் கடைத்தெருவில் மாட்டியிருக்கிறார்!

1774-ல் பதினாறாம் லூயி அரசரானார். அவர் மனைவி ராணி மேரி அன்டாய்னெட்டிடம் ரோஸை ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண் கூட்டிப்போனார். அதிலிருந்து வாரம் இரண்டு முறை அரண்மனைக்குப் போய் வந்தார். சாதாரண வீட்டுப் பெண் ராணியின் உள் அறை வரைக்கும் போவதைப் பார்த்துப் பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. அலங்கார மந்திரி என்று ஊரே கேலி பேசியது. ரோஸ் அதைக் கண்டுக்கவே இல்லை. கடையில் முப்பது பெண்கள் வரை வேலை பார்த்தார்கள். 1776-ல் இந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கென்று தனிச் சங்கம் வந்தபோது அதன் முதல் தலைவியும் இவர்தான்.

இவ்வளவு பெயர் இருந்தும் கல்லாவில் காசு நிற்கவில்லை. காரணம், கடன். அங்கே பிரபுக்கள் கடைக்காரருக்குக் கையோடு பணம் கொடுப்பதைக் கௌரவமாக நினைக்கவில்லை. சரக்கு முதலில் போகும், பணம் வருஷக் கணக்கில் இழுக்கும். ஆனால் பட்டு, லேஸ் கொடுத்த வியாபாரிகளுக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் ரோஸ் பணம் தந்தாகணும். பாக்கி வைத்தவர் சாதாரண ஆள் என்றால் இனி சரக்கு இல்லைன்னு சொல்லலாம். ராணிகிட்ட எப்படிச் சொல்வது? ராணி துணிமணிக்கு ஆண்டுக்கு ஒதுக்கிய பணம் 1,20,000 லிவர். லிவர்தான் அந்த நாட்டுக் காசு. 1785-ல் செலவானதோ 2,58,000 லிவர். விலையைக் கூட்டி வைத்துச் சமாளித்தார் ரோஸ். அதனால் கொள்ளை விலைக்காரி என்ற கெட்ட பெயரும் சேர்ந்தது. எனக்கென்னவோ அந்தப் பழி பாதிதான் நியாயமாகப் படுகிறது. தாமதமாகத் தருகிறவர்களுக்கு அது வட்டி மாதிரிதானே?

1787-ல் ரோஸ் திவாலாகிவிட்டார் என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு. அரண்மனைப் பாக்கியை வசூலிக்க அவரே கட்டிவிட்ட கதை என்றும் சிலர் சொன்னார்கள். எப்படியோ, கடையை மூடவில்லை.

1789-ல் புரட்சி வந்தது. பாக்கி வைத்த பிரபுக்கள் பாதிப் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள், சிலர் தலையே போனது. சிறையில் அடைபட்ட ராணிக்கும் சின்னச் சின்னச் சாமான்கள் ரோஸ் கடையிலிருந்துதான் போயின. 1793 அக்டோபரில் ராணியையும் கொன்றுவிட்டார்கள். ரோஸ் லண்டனுக்குப் போய், ஓடிவந்த பழைய வாடிக்கைக்காரர்களுக்கே கொஞ்ச காலம் வியாபாரம் செய்தார். 1795-ல் பாரிசுக்குத் திரும்பினார். அதற்குள் பெண்கள் உடையே மாறிப்போச்சு. மெல்லிசுத் துணியில் நேரான கவுன்தான் மவுசு. இறகும் ரிப்பனும் யாருக்கு வேணும்?

கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ரோஸ், பாரிசுக்குப் பக்கத்தில் எப்பினே என்ற ஊரில் தன் வீட்டில் 1813-ல் இறந்தார். கடைசி வரை நிலுவையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிறகு சொந்தக்காரர்கள் அந்தப் பில்களை எடுத்துக்கொண்டு பிரபுக்களின் வாரிசுகளிடம் பல வருஷம் அலைந்தார்கள். யாருக்கு எந்தத் தேதியில் எத்தனை முழம் ரிப்பன் போனது என்று எழுதிய அந்தக் கணக்குத் தாள்கள் இன்றும் பாரிஸில் ஒரு நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.