இந்திய கார் தொழிற்சாலைக்குத் திட்டம் வகுத்த விஸ்வேஸ்வரய்யா

ஊரிகம்: கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத் தடையின்றி மின்சாரம் கிடைக்க வழிவகுத்த பொறியாளர் மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா, இந்தியாவிலேயே கார் தயாரிக்கப்பட வேண்டும் என்பதற்காக முதுமையிலும் பாடுபட்டவர். அவரது பிறந்த நாளான செப்டம்பர் 15, நாடெங்கும் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அன்றைய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூருவில் மாணவர்களுக்குத் தனிப்பாடம் கற்பித்து வருவாய் ஈட்டியபடியே கல்லூரியில் பயின்றார். புணேயில் பொறியியல் கற்று, 1884-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ஆம் ஆண்டு முதல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. எனினும், கோடைக்காலத்தில் காவிரியில் நீர்வரத்து குறையும்போது மின் உற்பத்தியும் குறைந்தது. 1909-இல் மைசூர் சமஸ்தானத் தலைமைப் பொறியாளரான விஸ்வேஸ்வரய்யா, இதற்குத் தீர்வாகவும் பாசனத்திற்காகவும் கிருஷ்ணராஜசாகர் அணைத் திட்டத்தை வகுத்தார். அணைப் பணிகள் 1911-இல் தொடங்கின. அடுத்த ஆண்டே அவர் சமஸ்தானத்தின் திவான் ஆனார்.

பதவியிலிருந்து விலகிய பின்னர் அவரது கவனம் மோட்டார் தொழிலின் பக்கம் திரும்பியது. அக்காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்கள் உதிரிபாகங்களை இறக்குமதி செய்து, இங்கு அவற்றைப் பொருத்தி மட்டுமே விற்றன. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் இவ்வாறு இயங்கியது. எஞ்சின், கியர் பெட்டி, அடிச்சட்டம் ஆகியவற்றை உள்நாட்டிலேயே உருவாக்கினால்தான் எஃகு, வார்ப்பு, ரப்பர், கண்ணாடி முதலிய துணைத் தொழில்கள் வளரும் என்ற நிலை இருந்தது.

எழுபது வயதைக் கடந்த நிலையில், 1935-இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று கார் ஆலைகளைப் பார்வையிட்ட அவர், தாயகம் திரும்பி விரிவான திட்டத்தைத் தயாரித்தார். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் அதைச் செயல்படுத்த முன்வந்தார். பம்பாய் மாகாண காங்கிரஸ் அரசு ஆதரவளித்தபோதிலும், 1939-இல் அந்த அரசு பதவி விலகியது. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்தின் ஒத்துழைப்பு கிடைத்தும், போர்க்காலத்தில் ஆங்கிலேய இந்திய அரசு இத்திட்டத்திற்குக் கைகொடுக்கவில்லை.

இறுதியில் 1944-இல் வால்சந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தோன்றியது. பம்பாய் குர்லா ஆலையில் முதலில் டாட்ஜ், பிளைமவுத் கார்களும், பின்னர் ஃபியட் கார்களும் உருவாகின. பிற்காலத்தில் நாடறிந்த பிரீமியர் பத்மினி காரும் அதே நிறுவனத்தின் தயாரிப்பே.

1955-இல் பாரத ரத்னா விருது பெற்ற விஸ்வேஸ்வரய்யா, 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் நூறு வயதைக் கடந்து காலமானார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில், 1964-இல், மண்வாரி இயந்திரங்கள் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான பெமல் உருவானது. தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பிறகும், தங்கவயலில் உள்ள பெமல் ஆலை தொடர்ந்து கனரக இயந்திரங்களைத் தயாரித்து வருகிறது.