டிஷ்யூ பேப்பரில் ஒரு சட்டை

உங்க அம்மாவோ அக்காவோ டெய்லர்கிட்ட துணி கொடுக்கும்போது, கூடவே பழைய ஜாக்கெட் ஒண்ணையும் கொடுப்பாங்களே, கவனிச்சிருக்கீங்களா? அளவு ஜாக்கெட். கழுத்து, தோள், கை என்று எல்லா அளவும் அதுக்குள்ளேயே இருக்கு. ஆனா அளவு ஜாக்கெட்டும் இல்லை, பக்கத்தில் டெய்லரும் இல்லை, துணியும் ஊசியும் மட்டும்தான் கையில இருக்குன்னா என்ன பண்ணுவீங்க?

அமெரிக்காவில் 1860-கள் வரைக்கும் லட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் நிலைமை. இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு, அந்த வழியை விற்கப் பத்திரிகையும் நடத்தியவர் எபனேசர் பட்டரிக். தையல் பத்திரிகை பற்றிய கட்டுரை நமக்கெதுக்குன்னு மெக்கானிக்கல் பசங்க ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. அடுத்த சில பத்திகளில் உங்க சிலபஸ்தான் வரப்போகுது.

பட்டரிக் 1826-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. பக்கத்திலிருந்த வூஸ்டர் நகரத்தில் தையல் வேலை கற்றுக்கொண்டார். 1850-ல் எலன் பொல்லார்டைத் திருமணம் செய்துகொண்டார். முப்பத்தாறு வயது வரைக்கும் அவர் வாழ்க்கையில் எழுதி வைக்கும்படி பெரிசா ஒண்ணும் நடக்கலை. ஊர் ஊராக இருந்த எத்தனையோ டெய்லர்களில் அவரும் ஒருத்தர்.

இதுக்கு நடுவில் 1851-ல் ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அடுத்த பத்து வருஷத்தில் மெஷின் வீடுகளுக்குள்ளேயே வர ஆரம்பிச்சது. கையால் தைத்தால் பல மணி நேரம் எடுக்கும் சட்டை, மெஷினில் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் முடிஞ்சது. ஆனா ஒரு சிக்கல். தைக்கிறதுதான் வேகமாச்சு, வெட்டுறது? துணியில் எங்கே கத்தரிக்கோல் வைக்கணும்ங்கறது டெய்லரின் தொழில் ரகசியமாவே இருந்தது. ஒரு லைனில் ஒரு மெஷினை மட்டும் வேகமாக்கினா நெரிசல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும்னு ப்ரொடக்‌ஷன் வகுப்பில் படிக்கிறோமே, அப்படியே அதுதான்.

பெண்கள் பத்திரிகைகள் அப்பவே இருந்தன. பிலடெல்பியாவிலிருந்து வந்த கோடீஸ் லேடீஸ் புக் மிகப் பிரபலம். அதில் உடை வரைபடங்களும் வரும். ஆனா படம் சின்னது, அளவு ஒண்ணே ஒண்ணு. அதை முழு அளவுக்குப் பெரிசாக்கி வரைஞ்சு, தன் உடம்புக்கு மாத்திக்கறது வாசகியின் தலைவலி. பின்னாடி 1867-ல் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் பஜார் பெரிய தாளை இணைப்பாகக் கொடுத்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்க, ஒரே தாளில் பல உடைகளின் கோடுகளை ஒண்ணுமேல ஒண்ணா அச்சடிச்சிருப்பாங்க. ஆட்டோகேடில் எல்லா லேயரையும் ஒரே நேரத்தில் ஆன் பண்ணி வெச்சா எப்படி இருக்கும்? அந்தக் கோட்டுக் காட்டுக்குள்ளிருந்து ஒரு சட்டைக் கையைக் கண்டுபிடிச்சு வெட்டணும்.

இனி பட்டரிக் வீட்டுக்கு வருவோம். 1863-ம் வருஷக் குளிர்காலம். எலன் தன் சின்னப் பையன் ஹோவர்டுக்காக, கட்டம் போட்ட பருத்தித் துணியைச் சாப்பாட்டு மேஜைமேல் விரிச்சு, சாக்கால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கிடைச்ச மாதிரிகள் எதுவும் குழந்தையின் அளவுக்கு ஒத்து வரவில்லை. எல்லா அளவிலும் மாதிரி கிடைச்சா எவ்வளவு சுலபமா இருக்கும் என்று கணவரிடம் சலித்துக்கொண்டார். கம்பெனி காலங்காலமாகச் சொல்லிவரும் கதை இது. கொஞ்சம் மெருகேற்றியும் இருக்கலாம். ஆனா இந்தக் கதையைச் சொன்னவர்களே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறார்கள்: யோசனை டெய்லருடையது இல்லை, டெய்லரின் மனைவியுடையது.

டெய்லர் செய்த வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது, அதுவும் லேசுப்பட்டது இல்லை. சின்ன சட்டையைப் பெரிசாக்க, ஜெராக்ஸ் மெஷினில் 110 சதவீதம் போடுற மாதிரி போட முடியாது. மார்பளவு நாலு அங்குலம் கூடினா தோளும் நாலு அங்குலம் கூடாது. கழுத்து இன்னும் கம்மியாத்தான் கூடும். குழந்தை வளரும்போது உயரம் ஒரு வேகத்தில் போகும், சுற்றளவு வேற வேகத்தில் போகும். ஒவ்வொரு விளிம்பும் தனித்தனி விகிதத்தில் நகரணும், நகர்ந்த பிறகும் கையும் தோளும் சேரும் தையல் ஒண்ணோடொண்ணு பொருந்தணும். இதுக்குத் தையல்காரர்கள் இன்னைக்கும் சொல்லும் பேர் கிரேடிங். நாம பாராமெட்ரிக் டிசைன் என்று சாஃப்ட்வேரில் செய்வதை அவர் சாக்கும் ஸ்கேலும் வெச்சுச் செஞ்சார்.

முதல் மாதிரிகளைக் கெட்டி அட்டையில் வெட்டினார். அட்டையை மடிச்சுத் தபாலில் அனுப்ப முடியலை. அப்புறம்தான் டிஷ்யூ பேப்பருக்கு மாறினார். மெல்லிய தாளை அடுக்கடுக்காக வெச்சு ஒரே வெட்டில் பல பிரதிகள் எடுக்கலாம்; மடிச்சா ஒரு உறைக்குள் அடங்கிடும். தாளில் எழுத்தே கிடையாது. எந்த இடத்தில் எது சேரணும்னு சொல்ல விளிம்பில் சின்ன வெட்டு, நடுவில் துளைகள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் குடும்பமே உட்கார்ந்து மடிச்சது.

முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடைகள்தான். இத்தாலிய வீரர் கரிபால்டி அப்போ உலகமெல்லாம் ஹீரோ. அவர் சீருடை மாதிரியே சிறுவர்களுக்கு ஒரு சூட் மாதிரி வெளியிட்டார், பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. வீடு போதாமல் ஃபிட்ச்பர்க் நகரத்துக்கும், 1864-ல் நியூயார்க்குக்கும் போனார்கள். பெண்கள் உடை 1866-ல்தான் வந்தது. பிசினஸின் பெரும்பகுதி அதுவே ஆயிடுச்சு.

பொருள் இருக்கு. ஆனா எங்கோ கிராமத்தில் இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் பத்திரிகை. 1867-ல் ஒரு காலாண்டிதழ், 1868-ல் மெட்ரோபாலிடன் என்ற மாத இதழ், 1870-களில் புகழ்பெற்ற டெலினியேட்டர். படத்தைப் பாருங்க, பக்கத்திலிருக்கும் எண்ணைக் குறிச்சுக்கோங்க, காசு அனுப்புங்க, மாதிரி தபாலில் வரும். நேர்மையாச் சொன்னா அது முதலில் ஒரு கேட்டலாக்தான். போகப்போக லேஸ், குரோஷா, பின்னல் வேலை என்று பக்கங்கள் சேர்ந்து, மாசாமாசம் காத்திருந்து படிக்கும் இதழாக மாறியது. 1871-ல் மட்டும் சுமார் 60 லட்சம் மாதிரிகள் விற்றதாகக் கணக்கு. 1876-க்குள் லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னாவிலும் கிளைகள்.

இங்கே ஒரு நியாயம் பேசியாகணும். காகித மாதிரியைப் பத்திரிகை மூலம் விற்பதில் பட்டரிக் முதல் ஆள் இல்லை. நியூயார்க்கில் தொப்பிக் கடை அனுபவத்தோடு வந்த எலன் டெமாரஸ்ட் என்ற பெண், கணவரோடு சேர்ந்து 1860-லேயே மிரர் ஆஃப் ஃபேஷன்ஸ் என்ற இதழைத் தொடங்கி, அதோடு டிஷ்யூ மாதிரியையும் இணைத்துக் கொடுத்தார். கறுப்பினப் பெண்களையும் வெள்ளையர்களுக்குச் சமமாக வேலைக்கு வைத்தவர் அவர். பட்டரிக்கின் பலம் பல அளவுகளில் துல்லியமாகக் கொடுத்ததிலும், வியாபாரக் கூட்டாளிகள் அமைந்ததிலும் இருந்தது. விற்பனையை விரிவாக்கிய ஜோன்ஸ் வில்டர் இல்லாவிட்டால் பட்டரிக் மாசசூசெட்ஸைத் தாண்டியிருப்பாரா என்பது என் சந்தேகம். போட்டியில் டெமாரஸ்ட் பின்தங்கினார். கடைப்பெட்டியில் தங்கினது பட்டரிக் பெயர். ப்ராஜெக்ட் டீமில் யார் பெயர் முதலில் வரும்னு சண்டை போட்டவங்களுக்கு இது புரியும்.

1881-ல் கம்பெனி மாற்றி அமைக்கப்பட்டபோது அவர் செயலாளர் பொறுப்போடு ஒதுங்கிக்கொண்டார். 1903 மார்ச்சில் புரூக்ளினில் இறந்தார். நாலே வருஷத்தில் டெலினியேட்டர் குடும்பத்துக்கு ஆசிரியராக வந்தவர் யார் தெரியுமா? நாவலாசிரியர் தியடோர் டிரைசர். சிஸ்டர் கேரி எழுதி, ஒழுக்கக்கேடு என்று திட்டு வாங்கியவர், இப்போ குடும்பப் பெண்கள் இதழுக்கு ஆசிரியர்! அவர் காலத்தில் அந்த இதழ் அநாதைக் குழந்தைகளுக்கு வீடு தேடும் இயக்கம் நடத்தி, அது 1909-ல் வெள்ளை மாளிகை மாநாடு வரைக்கும் போனது. 1937-ல் டெலினியேட்டர் நின்றது. பட்டரிக் மாதிரிகள் அதுக்கப்புறமும் பல பத்தாண்டுகள் கடைகளில் இருந்தன.

கம்பெனி ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட பெயர் இ. பட்டரிக் அண்ட் கம்பெனி. இ என்றால் எபனேசர். எலனுக்கும் அதே இனிஷியல்தான்.