ரேச்சல் கார்சன்

ரேச்சல் லூயிஸ் கார்சன் (மே 27, 1907 – ஏப்ரல் 14, 1964) ஓர் அமெரிக்கக் கடல்சார் உயிரியலாளரும் அறிவியல் எழுத்தாளரும் ஆவார். 1962ஆம் ஆண்டு வெளிவந்த மௌன வசந்தம் என்ற நூலின் ஆசிரியராக இவர் பெரிதும் அறியப்படுகிறார். செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் மண்ணையும் ஆறுகளையும் உயிரினங்களையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இந்நூல் பொதுமக்களுக்கு விளங்கும் வகையில் எடுத்துரைத்தது. ஆற்றில் கலக்கும் நஞ்சு நீரோட்டத்தில் நீர்த்து மறைந்துவிடும் என்று அக்காலத்தில் பரவலாக நிலவிய நம்பிக்கை, இந்நூலுக்குப் பின் வலுவிழந்தது.

இளமையும் கல்வியும்

கார்சன், பென்சில்வேனியா மாநிலத்தில் அலெகெனி ஆற்றங்கரையில் அமைந்த ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் இவரே இளையவர். இயற்கையின் மீதான ஈடுபாட்டைத் தாயார் மரியாவிடமிருந்து பெற்றார். 11ஆம் வயதில் இவர் எழுதிய கதை ஒரு சிறுவர் இதழில் வெளியானது.

பென்சில்வேனியா பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்த இவர், இடையில் உயிரியலுக்கு மாறி 1929ல் பட்டம் பெற்றார். 1932ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். குடும்பத்தின் பொருளாதார நெருக்கடி காரணமாக முனைவர் பட்ட ஆய்வைத் தொடர இயலவில்லை. 1935ல் தந்தை இறந்தபின் குடும்பப் பொறுப்பு முழுவதும் இவரைச் சேர்ந்தது.

அரசுப் பணியும் கடல் நூல்களும்

அமெரிக்க மீன்வள அலுவலகத்திற்காக வானொலி உரைகள் எழுதத் தொடங்கிய கார்சன், 1936ல் அங்கு நீர்வாழ் உயிரியலாளராக நியமிக்கப்பட்டார். 1949ல் அமெரிக்க மீன் மற்றும் கானுயிர்ச் சேவையின் வெளியீடுகளுக்குத் தலைமைப் பதிப்பாசிரியரானார். மீன்கள், நீர்நிலைகள் குறித்த அரசு ஆய்வறிக்கைகள் அனைத்தையும் படிக்கும் வாய்ப்பு இப்பணியால் கிடைத்தது. பிற்காலத்தில் ஆறுகளைப் பற்றி எழுதியபோது இப்பயிற்சி பெரிதும் உதவியது.

1951ல் வெளிவந்த நம்மைச் சூழ்ந்த கடல் என்ற நூல் பெரும் விற்பனையை எட்டி, 1952ல் அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. அதே ஆண்டு இவர் அரசுப் பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார்.

மௌன வசந்தம்

டி.டி.டி. என்ற சேர்மத்தின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939ல் பவுல் முல்லர் கண்டறிந்தார். இதற்காக அவருக்கு 1948ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது காய்ச்சல் பரப்பும் பேன்களையும் கொசுக்களையும் ஒழிக்கப் பயன்பட்ட இச்சேர்மம், போருக்குப்பின் வயல்களிலும் காடுகளிலும் வானூர்திகள் மூலம் தெளிக்கப்பட்டது. 1945லேயே இதன் விளைவுகள் பற்றிக் கட்டுரை எழுத கார்சன் முன்வந்தார். எனினும் அவர் அணுகிய இதழ் ஆர்வம் காட்டவில்லை. 1958ல், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தெளிப்புக்குப் பின் பறவைகள் இறந்தது குறித்துத் தோழி ஒருவர் எழுதிய கடிதம் இவரை மீண்டும் இப்பொருளுக்குக் கொண்டுவந்தது. நூலை எழுதி முடிக்க நான்காண்டுகள் ஆயின.

நூலின் ஓர் அத்தியாயம் முழுவதும் ஆறுகளைப் பற்றியது. அதிலும் பிற அத்தியாயங்களிலும் விவரிக்கப்படும் நிகழ்வுகளில் மூன்று குறிப்பிடத்தக்கவை.

மிராமிச்சி ஆறு: கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், ஊசியிலை மரங்களின் மொட்டுகளைத் தின்னும் புழுக்களை ஒழிக்க 1954 சூன் மாதத்தில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. இரு நாட்களுக்குள் சால்மன் குஞ்சுகளும் பிற மீன்களும் இறந்து கரையொதுங்கின. மீன்களின் உணவான நீர்ப்பூச்சிகளும் அழிந்ததால், எஞ்சிய குஞ்சுகளுக்கும் இரை கிட்டவில்லை. கனடிய ஆய்வாளர்கள் 1950 முதலே அவ்வாற்றின் சால்மன் மீன்களைக் கணக்கெடுத்து வந்தனர். எனவே தெளிப்புக்கு முன்னும் பின்னும் இருந்த நிலையை ஒப்பிட முடிந்தது.

டெக்சாஸ் கொலராடோ ஆறு: 1961 சனவரியில் ஆஸ்டின் நகருக்கு அருகே ஆற்றில் மீன்கள் இறந்து மிதந்தன. பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றின் கழிவு மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தது. வடிகாலை நீர்பாய்ச்சிக் கழுவியபோது அது ஆற்றை அடைந்தது. நஞ்சு ஆற்றோடு நகர்ந்து, ஏறத்தாழ 320 கி.மீ. தொலைவு வரை மீன்களைக் கொன்றது. ஒரே ஒரு கசிவு நீண்டதோர் ஆற்றின் உயிர்களை அழிக்கக்கூடும் என்பதற்கு இது சான்றானது.

கிளியர் ஏரி: கலிபோர்னியாவிலுள்ள இவ்வேரியில் சிறு பூச்சிகளை ஒழிக்க டி.டி.டி.யின் நெருங்கிய உறவுச் சேர்மம் ஒன்று கலக்கப்பட்டது. நீரில் அதன் அளவு 5 கோடியில் 1 பங்கு மட்டுமே. ஆனால் மிதவை உயிரிகளில் அது பத்து இலட்சத்தில் 5 பங்காகவும், மீனுண்ணும் முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1600 பங்காகவும் இருந்தது. அதாவது நீரில் இருந்ததைப் போல் 80,000 மடங்கு. இச்சேர்மங்கள் நீரில் எளிதில் கரைவதில்லை; கொழுப்பில் கரைந்து உடலிலேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வோர் உயிரும் தன் இரையிலுள்ள நஞ்சின் பெரும்பகுதியைச் சேர்த்துக்கொள்வதால், உணவுச் சங்கிலியின் மேற்படியில் உள்ள உயிரே அதிகம் பாதிக்கப்படுகிறது. நீரைச் சோதித்துத் தூய்மையானது என அறிவிப்பது போதுமானதன்று என்பது இதன் பொருளாகும்.

எதிர்ப்பும் இறுதிக்காலமும்

நூலுக்கு வேதித் தொழில் நிறுவனங்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. கார்சன் முனைவர் பட்டம் பெறாதவர் என்பதும், திருமணமாகாத பெண் என்பதும்கூட அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டன. குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு இப்பொருளை ஆராய்ந்து, 1963 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் கார்சனின் முடிவுகளைப் பெரும்பாலும் ஏற்றது. அடுத்த மாதம் அவர் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்.

இக்காலம் முழுவதும் கார்சன் மார்பகப் புற்றுநோயால் அவதிப்பட்டு வந்தார். 1960ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், தம் நோயைப் பொதுவெளியில் மறைத்தே வைத்தார். நோயின் காரணமாகவே பூச்சிக்கொல்லிகளைச் சாடுகிறார் என எதிர்ப்பாளர்கள் கூறக்கூடும் என்பதே இதற்குக் காரணம். 1963ன் இறுதியில் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 50 இலட்சம் மீன்கள் இறந்தன. எண்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியே காரணம் என 1964 மார்ச் மாதம் அரசு ஆய்வாளர்கள் அறிவித்தனர். மெம்பிஸ் நகர ஆலை ஒன்றின் கழிவை அவர்கள் சுட்டினர். அந்நிறுவனம் இதை மறுத்தது. சில வாரங்களில், ஏப்ரல் 14 அன்று, கார்சன் தமது 56ஆம் வயதில் மேரிலாந்து மாநிலத்தில் காலமானார்.

தாக்கமும் விமர்சனங்களும்

1967ல் இங்கிலாந்தின் டெரெக் ராட்கிளிப், இரைகொல்லிப் பறவைகளின் முட்டையோடுகள் மெலிந்துவருவதைக் கண்டறிந்தார். டி.டி.டி.யே இதற்குக் காரணம் எனப் பின்னர் உறுதியானது. 1972ல் அமெரிக்கா வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாட்டைத் தடைசெய்தது. அழியும் நிலையிலிருந்த வெண்தலைக் கழுகு அதன்பின் பெருகி, 2007ல் அருகிய இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 1980ல் அமெரிக்காவின் மிக உயரிய குடிமக்கள் விருது கார்சனுக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

டி.டி.டி. தடையால் மலேரியா பெருகியது என்ற குற்றச்சாட்டு இவர்மீது வைக்கப்படுவதுண்டு. ஆயினும் கார்சன் பூச்சிக்கொல்லிகள் அனைத்தையும் தடைசெய்யக் கோரவில்லை. அளவின்றித் தெளிப்பதையே எதிர்த்தார். அவ்வாறு தெளித்தால் கொசுக்கள் எதிர்ப்பாற்றல் பெறும் என்றும் எச்சரித்தார். 2004ல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் நோய்பரப்பும் பூச்சிகளுக்கு எதிராக டி.டி.டி.யைப் பயன்படுத்த இடமளிக்கிறது.

இந்தியச் சூழலில்

இந்தியாவில் வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாடு 1989ல் தடைசெய்யப்பட்டது. கேரளத்தில் பெரியாற்றின் கரையிலுள்ள ஏலூரில், டி.டி.டி. உற்பத்தி செய்த பொதுத்துறை ஆலைக்கு அருகே செல்லும் குழிக்கண்டம் ஓடையின் வண்டலில் அதன் எச்சங்கள் கண்டறியப்பட்டன.

தமிழ்நாட்டில் பாலாறு தோல் பதனிடும் ஆலைகளின் கழிவாலும், நொய்யல் ஆறு திருப்பூர்ச் சாயக் கழிவாலும் பாதிக்கப்பட்டன. பாலாறு தொடர்பான வழக்கில் 1996ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும், தீங்கு முழுமையாக மெய்ப்பிக்கப்படும் முன்னரே தடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது.

சாயக் கழிவின் உப்பும் தோல் ஆலைகளின் குரோமியமும் டி.டி.டி.யைப் போலக் கொழுப்பில் திரள்பவை அல்ல. எனினும் அவையும் மண்ணிலும் வண்டலிலும் தங்கிவிடுகின்றன. புதுச்சேரியில், சங்கராபரணி ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நீர்பெறும் ஊசுட்டேரி 2008ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய நீர்நிலையைப் பாதுகாப்பதற்கு ஏரியின் எல்லைக்குள் உள்ளவற்றை மட்டும் கவனித்தால் போதாது. நீர் வரும் வழி முழுவதையும் கவனிக்க வேண்டும் என்பது கார்சனின் ஆறுகள் பற்றிய அத்தியாயத்திலிருந்து பெறப்படும் பாடமாகும்.