பாலைவனத்துச் சிங்கம்

வீரர்னா வாள் பிடிச்சே வளர்ந்தவர்னு நினைச்சிருந்தேன். லிபியாவின் உமர் முக்தார், பிள்ளைகளுக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்!

1911-இல் இத்தாலி படையெடுத்தது. பாலைவனப் பழங்குடிகளோடு சேர்ந்து குதிரையேறி எதிர்த்தார். 1929-இல் சமரசப் பேச்சு நடந்தது, நிலைக்கவில்லை. உணவும் ஆயுதமும் வந்த எகிப்து எல்லையில் இத்தாலியர்கள் சுமார் 270 கிலோமீட்டருக்கு முள்கம்பி வேலி போட்டாங்க. சுமார் ஒரு லட்சம் மக்களை முகாம்களில் அடைச்சாங்க. பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள்.

1931 செப்டம்பரில் பிடிபட்டார். 16-ஆம் தேதி, சுமார் 70 வயதான அவரை, சுலூக்கில் சொந்த மக்கள் கண்ணெதிரிலேயே தூக்கிலிட்டார்கள்.

பணிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரோன்னு யோசிச்சேன். பணியாததால்தான் பின்னாளில் லிபியாவின் 10 தினார் நோட்டில் அவர் படம் வந்தது. இனிமே எங்க ஐயா கரும்பலகை முன்னாடி நிற்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்!

– 9-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவன்