வழி காட்டிய ரமாபாய்

விமான் நகரில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் விமானங்கள் தாழ்ந்து இறங்குவதைக் காணலாம். சென்ற ஆண்டு ஓரிரவு அந்த மாடியில்தான், வேலையை விட்டுவிடப் போவதாக என் தாயார் சொன்னார். அம்மா ஒரு நர்ஸ். திருநெல்வேலியில் டிப்ளமா பெற்று, அப்பாவுடன் பூனாவுக்கு வந்தவர். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே மருத்துவமனை, ஒரே பதவி. அவரிடம் வேலை பழகிய பெண்கள், பட்டம் பெற்றிருந்த காரணத்தால், அவருக்கே மேலானவர்களாக உயர்ந்துவிட்டனர். இருபத்துமூன்று வயதில் எம்.எஸ்ஸி. இரசாயனம் பயிலும் எனக்கு, அவருக்குச் சொல்ல ஒரு விடையும் தெரியவில்லை. அந்நாட்களில்தான் ரமாபாய் ரானடேயின் வரலாற்றைப் படித்தேன். அதை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ரமாபாய் 1862இல், இன்றைய சாங்லி மாவட்டத்துத் தேவராஷ்டிரே என்னும் சிற்றூரில் பிறந்தார். 1873இல், பதினோரு வயதில், மகாதேவ கோவிந்த ரானடேக்கு மணமுடிக்கப்பட்டார். மனைவியை இழந்திருந்த ரானடே பெரிய சீர்திருத்தவாதி. அவர் ஒரு கைம்பெண்ணையே மணப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தனர். தந்தையின் பிடிவாதத்துக்குப் பணிந்து இச்சிறுமியை மணந்தார். எழுத்தறியாத மனைவிக்கு அவரே ஆசிரியரானார். வீட்டுப் பெண்களின் ஏளனமும் கடுஞ்சொல்லும் ரமாபாயைத் துரத்தின. எனினும் அவர் படிப்பை விடவில்லை. மராத்தி கற்றார், ஆங்கிலமும் கற்றார். பின்னாளில் பொதுக்கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசும் அளவுக்கு வளர்ந்தார்.

1901 ஜனவரியில் ரானடே மறைந்தார். அப்போது ரமாபாய்க்கு நாற்பது வயது நிரம்பவில்லை. ஆசிரியரும் துணைவரும் ஒருசேரப் போய்விட்டனர். பூனா வீட்டில் ஓராண்டு காலம் வெளியுலகைப் பாராது அடைந்து கிடந்தார். கைம்பெண்ணின் கதை அத்துடன் முடிந்தது என்றே அக்காலச் சமூகம் எழுதி வைத்திருந்தது. ரமாபாயோ அந்த ஏட்டைப் புரட்டி, அடுத்த பக்கத்தைத் தாமே எழுதலானார். எரவாடா சிறைக்குச் சென்று பெண் கைதிகளைக் கண்டு ஆறுதல் கூறினார். பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் நான் செல்லும் வழி எரவாடா வழிதான். அதை அறிந்தபின் அந்த வழி எனக்குப் புது வழியாகிவிட்டது.

1908இல் பம்பாயில் சேவா சதனம் தோன்றியது. மலபாரியும் தயாராம் கிடுமலும் நம் நாட்டுப் பெண்களைச் செவிலியராகப் பயிற்றும் எண்ணத்தோடு ரமாபாயின் துணையை நாடினர். மறு ஆண்டு பூனாவில், தம் சொந்த வீட்டிலேயே, அவர் சேவா சதனத்தைத் தொடங்கினார். தேவதர் போன்றோர் தோள் கொடுத்தனர்.

பணி எளிதன்று. லண்டனில் நைட்டிங்கேல் அம்மையார் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆயினும் இங்கே அத்தொழில் இழிவென்றே கருதப்பட்டது. அயலாரின் உடலைத் தொட வேண்டும். சாதி பாராது பணி செய்ய வேண்டும். ஆடவர் நடுவே நடமாட வேண்டும். எந்தக் குடும்பம் பெண்ணை அனுப்பும்? ரமாபாய் இளம் கைம்பெண்களை அழைத்துவந்து தங்க இடம் தந்தார். அவர்கள் சசூன் மருத்துவமனையில் பயிற்சி பெற்றனர். வீட்டு மூலையில் ஒடுங்க விதிக்கப்பட்டவர்கள் சொந்தக் காலில் நின்றனர்.

செவிலியரின் ஆண்டு விழா ஒன்றில் நடந்ததைச் சொல்வர். மழித்த தலையை முந்தானையால் மூடி, சிவப்புச் சேலை உடுத்திய கைம்பெண் ஒருத்தி மேடையேறினாள். அவளைக் கண்டு மருத்துவ மாணவர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தனர். ரமாபாய் சினந்தெழுந்தார். படித்தவர்கள் என்று பெயர் கொண்ட அவர்கள், தம் தமக்கையாகவோ தாயாகவோ இருக்கக்கூடிய ஒருத்தியைப் பழிப்பதற்கு நாண வேண்டும் என்று இடித்துரைத்தார். மாணவர்களாகிய நாம் நெஞ்சில் பொறிக்க வேண்டிய கண்டனம் அது. பட்டம் ஏற ஏறப் பண்பும் ஏற வேண்டாமா?

1924இல் ரமாபாய் காலமானபோது பூனா சேவா சதனத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பயின்று வந்தனர். 1962இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. தொழிலில் தேக்கம் வந்தால் தொழிலைத் துறப்பதொன்றே வழியன்று. மீண்டும் மாணவராவதும் ஒரு வழி. ரமாபாய் தம் மாணவியருக்குக் காட்டியது அதைத்தான். டிப்ளமா பெற்ற செவிலியர் மேலும் இரண்டாண்டு பயின்று பி.எஸ்ஸி. பட்டம் பெற இன்று வாய்ப்பு உண்டு. அம்மா இவ்வாண்டு அதில் சேர்ந்துவிட்டார். ஊதியமில்லா விடுப்பு, வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டோம். தேர்ச்சி பெற்றால் செவிலியர் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்பது அவர் ஆவல்.

இரவில் ஒரே மேசையில் இருவரும் படிக்கிறோம். உயிர் இரசாயனத்தில் ஐயம் வந்தால் என்னிடம் கேட்கிறார். எனக்குத் தெரியாதபோது இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். அவர் வெல்வாரா என்பது இனித்தான் தெரியும். ஆனால் வேலையை விடும் பேச்சு எங்கள் வீட்டில் இப்போது இல்லை.